தீவன மூட்டையில் கலந்திருக்கும் மருந்து: வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



நமது தருமபுரி மாவட்டத்தில் மளிகைக்கடை என்றால் பருப்பும் எண்ணெயும் மிளகாயும் மட்டும் இருப்பதில்லை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கடையின் ஓரத்தில் தவிட்டு மூட்டை, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கம்பெனி மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் ஆகியவை அடுக்கியிருக்கும். சில வருடங்களாக நாய்த்தீவனப் பொட்டலங்களும் பிஸ்கட் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. மழையை நம்பிய மானாவாரி பூமி நம்முடையது. கேழ்வரகும் சாமையும் பொய்த்துப்போன வருடத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது கறவை மாடும் ஆடும் கோழியும்தான். அவற்றுக்கு நாம் விற்கும் சரக்கில் என்ன இருக்கிறது என்று அறிந்து வைத்திருப்பது நமது கடமை.

இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்கிறார்கள். "அண்ணாச்சி, தீவனத்தில் ஏதோ கெமிக்கல் கலக்கிறார்களாமே, வெளிநாட்டில் அதைத் தடை பண்ணிவிட்டார்களாமே, மாட்டுக்குக் கொடுக்கலாமா? பாலில் இறங்குமா?" என்று கேட்கிறார்கள். "எங்களுக்கென்ன தெரியும், கம்பெனிக்காரனைக் கேள்" என்று சொல்லி அனுப்பலாம். ஆனால் அப்படிச் சொல்லும் கடைக்கு அந்த மனிதர் அடுத்த முறை வருவாரா என்பது சந்தேகம். ஆகவே, இந்த விஷயத்தில் உண்மை எது, பயம் எது, நாம் செய்ய வேண்டியது எது என்பதை நமக்குத் தெரிந்த அளவில் விளக்க விரும்புகிறோம்.

காறல் எப்படி ஏற்படுகிறது?

எண்ணெய் வியாபாரம் செய்பவர்களுக்குக் காறல் வாடை என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்து வைத்த கடலை எண்ணெய் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணெயில் உள்ள கொழுப்போடு சேர்ந்து அதைச் சிதைப்பதால் வரும் வினை இது. ஒரு துணுக்குக் கெட்டால் அது பக்கத்துத் துணுக்கைக் கெடுக்கும். அது அடுத்ததைக் கெடுக்கும். கூடையில் ஒரு தக்காளி அழுகினால் கூடையே போவதைப்போல் சங்கிலியாக நடக்கும். வெயிலும் வெளிச்சமும் இரும்பு, செம்புத் துருவும் அதை வேகப்படுத்தும்.

ஆனால் நல்லெண்ணெய் மட்டும் கடலை எண்ணெயைவிட நெடுநாள் தாங்குகிறது. அதற்குக் காரணம், எள்ளிலேயே செசமால் முதலிய இயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. கெட்டுப்போகத் தொடங்கும் துணுக்கை அவை முதலிலேயே பிடித்து நிறுத்திவிடுவதால் சங்கிலி அறுந்துபோகிறது. இந்த வேலையைச் செய்யும் பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர். நாம் இதைக் காறல் தடுப்பு மருந்து என்று சொல்வோம். எள்ளுக்கு இயற்கை கொடுத்ததைத் தீவனத்துக்கு மனிதன் தொழிற்சாலையில் செய்து சேர்க்கிறான்.

தீவனத்தில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். மீன்தூள், புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம், சேர்க்கும் எண்ணெய் எல்லாவற்றிலும் உண்டு. மீன்தூளின் கொழுப்பு மிக எளிதில் காறும். அது காறும்போது சூடும் உண்டாகும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு ஏறும். அதனால்தான் கப்பலில் மீன்தூள் ஏற்றுவதற்கான சர்வதேச விதிகள், அதில் காறல் தடுப்பு மருந்து கலந்திருப்பதை வற்புறுத்துகின்றன. மருந்து சேர்ப்பதில் லாப நோக்கம் மட்டும் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மூன்று மருந்துகள்

தீவனத்தில் பெரும்பாலும் பேசப்படுபவை மூன்று. முதலாவது எதாக்சிக்குயின். அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனி ரப்பர் விரிசல் விடாமல் இருப்பதற்காக முதலில் தயாரித்த பொருள் இது. 1950களில் தீவனத்துக்கு வந்தது. பறித்து வைத்த பேரிக்காயின் தோல் கறுக்காமல் இருப்பதற்கும் பயன்பட்டது. விலை மலிவு, வேலை செய்யும் திறன் அதிகம் என்பதால் மீன்தூளிலும் கோழித்தீவனத்திலும் உலகெங்கும் பரவியது.

இரண்டாவது பி.எச்.ஏ.; முழுப்பெயர் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி அனிசோல். மூன்றாவது பி.எச்.டி.; இது படித்தவர்கள் வாங்கும் பட்டமன்று, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன் என்பதன் சுருக்கம். இவை இரண்டும் தீவனத்தில் மட்டுமின்றி, பல நாடுகளில் மனிதர் உண்ணும் கொழுப்புப் பண்டங்களிலும் சேர்க்க அனுமதிக்கப்பட்டவை. நம் நாட்டிலேயே சமையல் எண்ணெயில் இந்த இனத்தைச் சேர்ந்த டி.பி.எச்.க்யூ. என்ற மருந்தைக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை சேர்க்க உணவு விதிகள் இடம் தருகின்றன. எண்ணெய்ப் பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் அது அச்சாகியிருப்பதை நமது கடையிலேயே பார்க்கலாம். பொட்டலத்தில் பெயர் போடாமல் இ-319, இ-320, இ-321 என்று எண் மட்டும் போட்டிருப்பதும் உண்டு. முறையே டி.பி.எச்.க்யூ., பி.எச்.ஏ., பி.எச்.டி. ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள் அவை. தீவனத்தில் எதாக்சிக்குயினின் எண் இ-324.

மருந்தே வேண்டாம் என்றால் என்ன ஆகும்?

காறிப்போன தீவனம் வாடை அடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. காறல் வினையில் வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றும் அழிந்துபோகின்றன. வைட்டமின் ஈ குறைந்த தீவனத்தைத் தின்ற கோழிக்குஞ்சுகள் மூளை பாதிக்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு தள்ளாடி விழும். எதாக்சிக்குயினைத் தீவனத்தில் சேர்க்கத் தொடங்கியதற்கு இந்த நோயைத் தடுப்பதும் ஒரு காரணம். மாடும் காறல் வாடை அடிக்கும் தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கும். தின்ன மறுத்தால் கறவை குறையும். ஆகவே "மருந்தில்லாத தீவனம்" என்பது தானாகவே நல்ல தீவனம் ஆகிவிடாது. காறிப்போன மருந்தில்லாத தீவனத்தைவிட, அளவாக மருந்து சேர்த்த புதுத்தீவனம் மேலானது.

அப்படியானால் நஞ்சு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதுதான் இங்கே முழுக் கணக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குப் பி.எச்.ஏ. கலந்த உணவை நெடுநாள் கொடுத்தார்கள். எலிகளின் முன் இரைப்பையில் கட்டிகள் வந்தன. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் பி.எச்.ஏ.வைச் சேர்த்தது. ஆனால் அந்த எலிகள் தின்ற அளவைக் கவனியுங்கள். உணவில் 100க்கு 2 பங்கு, அதாவது ஒரு டன்னுக்கு 20 கிலோ! தீவனத்தில் பொதுவாக அனுமதிக்கப்படும் உச்ச அளவு ஒரு டன்னுக்கு 150 கிராம்தான். எலி தின்றது அதைப்போல் 130 மடங்குக்கும் மேல். மேலும் எலிக்கு இருக்கும் முன் இரைப்பை என்ற உறுப்பு மனிதருக்கு இல்லை. பி.எச்.டி.யை அதிக அளவில் தின்ற எலிகளுக்கு ஈரல் வீங்கியது. இரத்தம் உறையும் தன்மை குறைந்தது. அதுவும் பெரிய அளவில் நடந்ததே.

எதாக்சிக்குயின் விஷயம் சற்று வேறு. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள், தங்கள் நாய்களுக்குத் தோல் நோயும் ஈரல் நோயும் வருவதாகப் புகார் செய்தார்கள். அதன் பேரில் நாய்களிடம் சோதனை நடந்தது. ஈரலில் ஒருவகை நிறமி படிவதும், ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தக் குறிகள் உயர்வதும் தெரிந்தன. நாய்க்கு நோய் வந்ததற்கு மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் 1997ல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம், நாய்த்தீவனத்தில் 150 கிராமாக இருந்த உச்ச அளவைப் பாதியாக, அதாவது டன்னுக்கு 75 கிராமாகக் குறைத்துக்கொள்ளும்படி கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. நாய்க்கு ஏன் தனிக் கணக்கு என்றால், மாடும் கோழியும் பலவகைத் தீவனம் தின்னும். வீட்டு நாய் வருடக்கணக்கில் ஒரே பொட்டலத்துத் தீவனத்தையே தின்னும்.

ஐரோப்பா ஏன் நிறுத்தியது?

"தடை செய்த மருந்து" என்ற பேச்சு இங்கிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பழங்களுக்கு எதாக்சிக்குயின் பயன்படுத்துவது 2011ல் முடிவுக்கு வந்தது. தீவனத்தில் சேர்ப்பது பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் ஆராய்ந்து, கொடுத்திருக்கும் விவரங்களை வைத்து இதைப் பாதுகாப்பானது என்று சொல்ல இயலாது என்று அறிக்கை தந்தது. எதாக்சிக்குயின் தயாரிக்கும்போது பாரா பெனிட்டிடின் என்ற வேண்டாத பொருள் சிறிதளவு கலந்துவிடுகிறது. அது உயிரணுவின் மரபுப் பொருளைக் கெடுக்கக்கூடியது என்ற சந்தேகம் எழுந்தது. 2017ல் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். மீன்தூள் போன்றவற்றுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கொடுத்தார்கள். 2022ல் அனுமதி இல்லை என்று முடிவாகவே சொல்லிவிட்டார்கள்.

இதிலிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டியது என்ன? எதாக்சிக்குயின் தின்று இத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் கண்டுபிடித்துத் தடுக்கவில்லை. "பாதுகாப்பானது என்று நீ நிரூபி, நிரூபிக்க முடியாவிட்டால் விற்காதே" என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. அமெரிக்கா வேறு வழியில் போகிறது. அங்கே தீவனத்தில் டன்னுக்கு 150 கிராம் வரை அனுமதி உண்டு. கூடவே முட்டையிலும் இறைச்சியிலும் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். முட்டையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். பாலில் இருக்கவே கூடாது. வாடிக்கையாளர் கேட்டால், "தடையும் உண்மை, அனுமதியும் உண்மை, இரண்டு நாட்டுச் சட்டமும் இரண்டு விதமாக எச்சரிக்கையாக இருக்கின்றன" என்று சொல்வதே நேர்மையான பதில்.

இறால் கற்றுத்தந்த பாடம்

இது தூரத்து ஊர்க்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2012ல் நமது நாட்டு இறால் வியாபாரத்தையே இந்த மருந்து ஆட்டி வைத்தது. ஜப்பானுக்குப் போன இந்திய இறாலில் எதாக்சிக்குயின் எச்சம் இருப்பதாகக் கண்டு, அந்த வருடம் ஆகஸ்டு முதல் இந்தியாவிலிருந்து வரும் இறாலை எல்லாம் சோதித்த பிறகே விடுவது என்று ஜப்பான் முடிவு செய்தது. அவர்கள் வைத்த வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டன் இறாலில் 10 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஆந்திரக் கடற்கரையிலும் நமது நாகப்பட்டினம் பக்கத்திலும் குளம் வெட்டி இறால் வளர்த்தவர்களுக்கு இது பேரிடியாக இறங்கியது.

இறாலுக்கு யாரும் மருந்து போடவில்லை. இறால் தீவனத்தில் மீன்தூள் இருந்தது. அந்த மீன்தூள் கெடாமல் இருப்பதற்காகச் சேர்த்த மருந்து தீவனத்தின் வழியே இறாலுக்குள் போயிற்று. தீவனக் கம்பெனி தன் கையால் எதாக்சிக்குயின் சேர்க்காமல் இருந்தாலும், வாங்கிய மீன்தூளில் அது வந்துவிடும். மீனுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை ஜப்பானே அனுமதித்திருக்கும்போது இறாலுக்கு மட்டும் 0.01 என்பது நியாயமா என்று இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வாதாடியது. 2014 ஜனவரியில் ஜப்பான் வரம்பை 0.2 மில்லிகிராமாக, அதாவது 20 மடங்காக உயர்த்தியது. நெருக்கடி தணிந்தது. ஆனால் இடையில் போன வியாபாரத்தையும் திரும்பி வந்த சரக்கின் நட்டத்தையும் யார் கொடுப்பார்கள்?

எங்கோ சேர்த்த பொருளுக்கு, சேர்க்காதவன் பதில் சொல்ல வேண்டி வரும். வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டவன் தப்பித்தான்; கேட்காதவன் மாட்டிக்கொண்டான். இறால் வியாபாரிக்கு நேர்ந்தது முட்டை வியாபாரிக்கும் பால் வியாபாரிக்கும் நேராது என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கும் நாமக்கல் முட்டை வெளிநாடுகளுக்கும் போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வியாபாரிக்குப் புரியும் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, மனிதர் வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று கருதும் அளவை 1998ல் வகுத்தது. எதாக்சிக்குயினுக்கு அது உடல் எடை கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு 0.3 மில்லிகிராம் ஆகிறது. அமெரிக்க வரம்பின் உச்சியில் எச்சம் உள்ள ஒரு 50 கிராம் முட்டையில் இருப்பது 0.025 மில்லிகிராம். அதாவது பெரியவர் ஒருவர் தினம் 12 முட்டை தின்றால்தான் அந்த அளவைத் தொடுவார். ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 3 முட்டையே போதும். வரம்பின் உச்சியில் எச்சம் இருந்தால் என்றுதான் இந்தக் கணக்கு. வரம்பை மீறியே போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குப் பயம் வேண்டாம். குழந்தைகளை நினைத்தால் அலட்சியமும் வேண்டாம்.

தீவனக் கணக்கும் இப்படித்தான். டன்னுக்கு 150 கிராம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு ஏழரை கிராம்தான். ஏழரை கிராம் தூளை 50 கிலோவில் ஒரே சீராகக் கலப்பது கையால் ஆகிற காரியமில்லை. முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பிறகு இயந்திரத்தில் முழுதும் கலக்க வேண்டும். தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு படியில் மருந்தே இருக்காது; இன்னொரு படியில் பத்து மடங்கு இருக்கும். அந்தப் பத்து மடங்குப் படி யார் வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

பழைய சரக்கும் புதிய தூளும்

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு தரகர் எங்கள் கிடங்குக்கு வந்தார். பெயரோ முகவரியோ இல்லாத பிளாஸ்டிக் பையில் ஒரு தூளைக் காட்டி, "இதைத் தூவி வைத்தால் பழைய புண்ணாக்கும் புதுசு மாதிரி போகும்" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அவர் சொன்னது நடக்காத காரியம். காறல் தடுப்பு மருந்து, நல்ல கொழுப்பு கெடாமல் காக்கும். கெட்ட கொழுப்பை நல்லதாக்காது. வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணை அது. வாடை வந்த சரக்கில் தூவினால் சரக்கும் கெட்டதாகவே இருக்கும், மேற்கொண்டு அளவில்லாத மருந்தும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தூள் என்ன, எத்தனை சதவீதம், தீவனத்துக்கு உரியதா, ரப்பர் தொழிற்சாலைக்கு உரியதா என்பதும் தெரியாது. எதாக்சிக்குயினைக் கையாளும் தீவன ஆலைத் தொழிலாளர்களுக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் வந்த விவரங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கையுறையும் முகமூடியும் இல்லாமல் நமது கடைப் பையனிடம் அந்தத் தூளைக் கொடுத்துத் தூவச் சொல்வது பாவம்.

மளிகை வியாபாரிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் மிளகாய்ப்பொடியின் நிறம் மங்காமல் இருக்க, கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை எதாக்சிக்குயின் சேர்க்க அவர்கள் சட்டம் இடம் தருகிறது. இதைக் கேள்விப்பட்டு இங்கேயும் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். நம் நாட்டு உணவு விதிகளில் மிளகாய்ப்பொடிக்கு அந்த அனுமதி கிடையாது. தீவன மருந்து தீவனத்தோடு நிற்கட்டும்.

இந்த மருந்து செய்யாத வேலை

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இனிமேல்தான். காறல் தடுப்பு மருந்து பூஞ்சையைத் தடுக்காது. கம்பெனித் தீவனத்தில்தான் மருந்து இருக்கிறதே என்று ஈரத்தரையில் மூட்டையைப் போட்டால் பூஞ்சணம் பிடித்தே தீரும். தவிட்டிலும் ஒரு சங்கதி உண்டு. அரிசி ஆலையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தவிட்டின் எண்ணெயை அதிலுள்ள நொதி ஒன்று புளிக்கச் செய்யத் தொடங்கிவிடும். அதற்கும் இந்த மருந்து பயன்படாது. சூடுபடுத்துவதோ எண்ணெயை நீக்குவதோதான் வழி.

பூஞ்சை நஞ்சு எத்தகையது என்பதை உலகம் 1960ல் கண்டது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கடலைப் புண்ணாக்கு, பருத்திப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூன்றிலும் இது வரும். மாடு தின்றால் ஒரு பகுதி பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. மனிதருக்கு ஈரல் புற்றுநோய் தரும் என்று ஐயத்துக்கு இடமின்றி முடிவான நஞ்சு இது.

நமது மாநிலத்துக்கு இதில் நல்ல பெயர் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ல் நாடு முழுவதும் பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்து, 2019ல் முடிவை வெளியிட்டது. 6,432 மாதிரிகளில் 368ல் இந்தப் பூஞ்சை நஞ்சு வரம்புக்கு மேல் இருந்தது. அதில் தமிழ்நாட்டு மாதிரிகள் 551ல் 88. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். நஞ்சு பாலில் வந்ததற்குக் காரணம் தீவனமே என்று ஆணையம் சொன்னது. அந்தத் தீவனத்தில் எத்தனை மூட்டை நம்மைப் போன்ற கடைகளின் வழியாகப் போயிருக்கும்?

நம் நாட்டு உணவுச் சட்டத்தில் "உணவு" என்ற சொல்லுக்குள் கால்நடைத் தீவனம் வராது. ஆனால் பால் வரும், முட்டை வரும், இறைச்சி வரும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் மாட்டுத்தீவனத்துக்கு வகுத்திருக்கும் ஐ.எஸ். 2052 என்ற தரத்தில் இந்த நஞ்சுக்கு வரம்பு உண்டு. தீவனத்தில் ஏழரை கிராம் மருந்தைப் பற்றிக் கவலைப்படும் வாடிக்கையாளரிடம், பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மலிவு விலைக்குக் கொடுத்தனுப்பினால், கொசுவுக்குப் பயந்து பாம்புப் புற்றில் கைவிட்ட கதையாகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கம்பெனித் தீவனம் வாங்கும்போது தயாரித்த தேதி, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி மூன்றும் மூட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மூட்டையை இறக்காதீர்கள்.

2. எந்தக் காறல் தடுப்பு மருந்து, எந்த அளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். மீன்தூளில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் கடிதத்தைக் கொள்முதல் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை வந்தால் நம்மைக் காப்பது அந்தத் தாள்தான்.

3. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தகரக்கூரைக் கிடங்கில் மாசி முதல் வைகாசி வரை காற்றோட்டம் மிக அவசியம்.

4. முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். மூட்டையின் மேல் வந்த தேதியைச் சாக்கட்டியால் எழுதி வைத்தால் கடைப் பையனுக்கும் குழப்பம் வராது. கோடையில் எண்ணெய் நீக்காத தவிட்டை எங்கள் கிடங்கில் பதினைந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை.

5. பூஞ்சணம் பிடித்ததை நல்ல மூட்டையோடு கலக்காதீர்கள். வெயிலில் காயவைத்து விற்காதீர்கள். பூஞ்சை காய்ந்து உதிர்ந்தாலும் அது விட்டுப்போன நஞ்சு போகாது.

6. சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மாதிரி அனுப்பினால் ஒருவருக்கு ஆகும் செலவு பெரிதாக இராது.

7. நாய்த்தீவனம் விற்பவர்கள் பொட்டலத்தில் என்ன மருந்து போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். வைட்டமின் ஈ வகையான டோகோபெரால், ரோஸ்மேரி இலைச் சாறு சேர்த்தவையும் கிடைக்கின்றன. விலை கூடுதல், தாங்கும் நாள் குறைவு. இரண்டையும் எடுத்துச் சொல்லி, வாங்குபவரே முடிவு செய்யட்டும்.

கடைசியாக மொத்த வியாபாரிகளான நமக்கு ஒரு வார்த்தை. சில்லறைக் கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுவது ஆசையால் மட்டும் அன்று. இரண்டு மூட்டை கெட்டால் அந்த வார லாபமே போய்விடுகிறது. திருப்பி எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. தேதிக்குள் வாடை வந்த மூட்டையைத் திருப்பி எடுத்து மாற்றித் தருவது என்று மொத்த வியாபாரிகள் ஒப்புக்கொண்டால், கிராமத்துக் கடைக்காரர் கெட்டதை விற்க வேண்டிய கட்டாயமே வராது. நாம் அந்த நட்டத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க முடியும், அவரால் முடியாது. இதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

காலையில் நாம் தீவனம் விற்ற வீட்டிலிருந்துதான் மாலையில் நமது கடைக்குப் பால் வருகிறது. நம் பேரப்பிள்ளைகள் குடிப்பதும் அந்தப் பாலைத்தான்.